நீரடிக் குறிப்பேடு

கடலுக்குள் மூச்சுக்கருவியுடன் இறங்கி மீள்வோர், உடலின் ஈரம் உலருமுன் ஒரு சிறு ஏட்டைத் திறப்பர். ஸ்கூபா எனப்படும் இம்முக்குளிப்பின் தொடக்கப் பாடங்களிலேயே அப்பழக்கம் புகட்டப்பெறுகிறது. நாமும் 2009ஆம் ஆண்டு முதல் எழுதி வருகிறோம்.

நாள், இடம், ஆழம், நீருள் இருந்த நிமிடங்கள், இடுப்பிற் கட்டிய ஈயத்தின் எடை, உருளையில் எஞ்சிய காற்று, உடன் இறங்கிய துணைவரின் கையொப்பம், இவ்வளவே. வறண்ட கணக்கெனத் தோன்றும். எனினும் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அதுவே குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். காலையில் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது தெரிந்தால்தான் பிற்பகலில் எத்தனை நிமிடம் இருக்கலாம் எனக் கணிக்க இயலும். இன்று மணிக்கட்டில் கட்டும் கணிப்பொறி இதனைத் தானே செய்துவிடுகிறது. பின் ஏடு எதற்கு என்று இளைஞர்கள் வினவுவதுண்டு.

அவர்களுக்கு நாம் சில பக்கங்களைக் காட்டுவோம். அந்தமானின் ஹேவ்லாக் தீவு (2018இல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு என மாற்றப்பட்டது), 2009 பிப்ரவரி, 14 மீட்டர், 28 பாகை. "மான்கொம்பு போன்ற பவளம். கிளிமீன்கள் கொறிக்கும் ஓசை காதில் விழுந்தது." அதே இடம், 2010 மே, 31 பாகை. "யாவும் வெண்மை." கடல் வெம்மையுற்றால் பவளப்பூச்சி தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியேற்றிவிடும், பிறகு தெரிவது அதன் எலும்பின் நிறம். அன்று உடன் வந்த புதியவர் ஒருவர் அக்காட்சியை அழகென்றார். அழகாகத்தான் இருந்தது. 2012ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரே வரி: "ஒடிந்த கொம்புகள், மேலே பாசி." மணிக்கட்டுக் கருவியோ மூன்று நாள்களையும் ஆழமும் நிமிடமுமாகவே வைத்திருக்கிறது.

எம் பாட்டனார் கீழக்கரைக் கடலில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். எந்தப் பாரில் எக்காலத்தில் நீர் தெளியும், எங்கே நீரோட்டம் இழுக்கும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தன. எழுத்தறியார். அவர் உழைப்பில் உண்டு வளர்ந்த எம் குடும்பத்தில் அவ்வறிவின் ஒரு வரியும் இன்றில்லை.

ஏட்டில் 2019 ஜனவரிப் பக்கம்: "12 மீட்டர். பழைய கொம்புகளினூடே விரலளவில் புதுக்கிளை, இரண்டு." துணைவர் கையொப்பம் இடும் கட்டத்தில் எம் மகளின் பெயர், சற்றே கோணலாக.