மூன்றாவது பெடல்

பிள்ளைகளே, பழையதைச் செப்பனிடுவது என்பது கைத்தொழில் மட்டுமன்று. அது மனத்தின் பயிற்சியும்கூட. திருச்சி கண்டோன்மென்டில் ஒரு பழைய வீட்டில் ஊமையாகிக் கிடந்த பியானோவை ஒரு பெரியவர் மீட்டெடுத்ததை அருகிருந்து பார்த்தவன் நான். அங்கே கற்றதைப் பிற்பாடு அலுவலகத்திலும் குடும்பத்திலும் பலமுறை உரைத்துப் பார்த்துவிட்டேன். மாற்றுக் குறையவில்லை.

இந்த ஊருக்கும் பியானோவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்து ரயில்வே பணிமனை திருச்சியின் பொன்மலைக்கு மாறியது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இருந்தன. கிறிஸ்துமஸ் நடனமும் பியானோவும் அவர்கள் வாழ்வோடு கலந்தவை. சுதந்திரத்துக்குப் பின் அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். கனத்த பியானோக்கள் கைமாறி இங்கேயே தங்கின.

நான் சொல்லும் பியானோ சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. செய்தவர் பெயர் உரிந்துபோயிருந்தது. ஒலியைத் தணிக்க ஒன்று, நீட்ட ஒன்று என்று இரண்டு பெடல்கள் இருப்பது வழக்கம். இதில் நடுவே மூன்றாவது ஒன்று இருந்தது. அதை மிதித்தால் சுத்திகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே ஒரு துணிப்பட்டை இறங்கும். பட்டையின் நுனிகளில் சின்னஞ்சிறு உலோகத் துண்டுகள். சுத்தி அவற்றின் வழியாகக் கம்பியைத் தட்டும்போது பியானோ மாண்டலின்போலக் கிணுகிணுக்கும். நியூயார்க்கின் ‘விங் அண்ட் சன்’ நிறுவனம் இத்தகைய பியானோக்களுக்கே பேர்போனது. ஐந்து பெடல்கள் வைத்து, மாண்டலின், கிட்டார், ஹார்ப், சிதர், பாஞ்சோ ஆகியவற்றின் ஒலி வரும் என்று சொல்லி விற்றது. அதற்கும் வெகுகாலம் முன்பே வியன்னாவில் முரசு கொட்டவும் மணியடிக்கவும் பெடல் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பெடல் கீழ்ஸ்தாயிக் கம்பிகள்மேல் காகிதப் பட்டையைப் படியவைத்து இரையச் செய்யும். தம்புராவின் குதிரையில் நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறோமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம்.

வீட்டுக்காரர் அந்த மூன்றாவது பெடலை விரும்பவில்லை. “விளையாட்டுச் சாமான், பிடுங்கிப் போட்டுடுங்க” என்றார். பொன்மலைப் பணிமனையில் மரவேலை செய்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர் நிதானமாகச் சொன்னார்: “வச்சவன் எதுக்கு வச்சான்னு தெரியாம எடுக்கக் கூடாது சார்.”

அப்படியானால் எதையுமே அகற்றக் கூடாதா? அகற்றத்தான் வேண்டும். ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் 2015 குடமுழுக்கை ஒட்டி நடந்த திருப்பணியில், பிற்காலத்தில் வந்து சேர்ந்த கட்டுமானங்களையும் அடைப்புகளையும் நீக்கினார்கள். பழைய கல்வேலை வெளிச்சம் கண்டது. அத்திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பிறவற்றின் இயக்கத்தை அடைப்பது போக வேண்டும். தன்னிடத்தில் தன் வேலையைச் செய்வது இருக்க வேண்டும். பெரியவரும் ஒன்றை அகற்றினார். முன்பு யாரோ அவசரத்தில் பூசிய செயற்கைப் பசை அது. பழைய தச்சர்கள் வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டுவார்கள். சூடும் ஈரமும் காட்டினால் அது இளகிக் கொடுக்கும். செயற்கைப் பசையோ மரத்தைப் பிளந்தாலொழிய விடாது. நமக்குப் பின் ஒருவர் வந்து இதைத் திறக்க வேண்டியிருக்கும் என்று எண்ணி ஒட்டுவதே நல்ல ஒட்டு. வீட்டுப் பிணக்கைத் தீர்க்கும்போதும், அலுவலகத்தில் விதி எழுதும்போதும் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரையான் அரித்த சட்டத்தையும் பூச்சி தின்ற கம்பளியையும் மாற்றியது சில வாரத்து வேலை. சுருதி கூட்டுவதுதான் நெடிய வேலை. ஒரு பியானோவில் ஏறத்தாழ 220 கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 18 டன் வரும். பல ஆண்டுகள் தளர்ந்து கிடந்தவற்றை ஒரே நாளில் முறுக்கினால் துருவேறிய கம்பி அறும். அறுந்தது கையையும் கண்ணையும் பதம்பார்க்கும். ஆகவே கொஞ்சம் ஏற்றி, ஓயவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். இதில் இளைஞர்கள் சோர்ந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கடைசிக் கம்பியை முடித்துவிட்டு முதல் கம்பியைத் தட்டினால் அது இறங்கியிருக்கும். அடுத்தடுத்த கம்பிகளின் இழுப்பில் ஒலிப்பலகையும் சட்டமும் இம்மி அசைந்து, முன்பு கூட்டியது தளர்ந்துவிடும். உழைப்பு வீணானதாகத் தோன்றும், வீணாகவில்லை. முதல் சுற்று சட்டத்தைப் பாரம் சுமக்கப் பழக்குகிறது. பின்வரும் சுற்றுகளே சுருதியை நிறுத்துகின்றன. தேர்வில் தவறியவர்க்கும், முறிந்த உறவைத் தேடிச் சென்றும் கதவு திறக்காதவர்க்கும் நான் இதையே சொல்லி வந்திருக்கிறேன்.

எங்களூரின் பருவமும் தன் பங்குக்குச் சோதித்தது. சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். ஐப்பசி மழையில் ஊறிக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். மழைக்காலம் ஒன்று கழியட்டும் என்று பெரியவர் காத்திருந்தார். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் முன் வீணை ஏகாந்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் காத்திருப்பு புரிந்தது. மெழுகில் மெட்டுகளைப் பதித்து வீணைக்கு மேளம் கட்டக் கொடுத்தாலும் அவை தங்களுக்கு வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது பெடலும் உயிர்பெற்றது. உலோகத் துண்டுகளைப் புதிய பட்டையில் ஒவ்வொன்றாகக் கம்பிக்கு நேராகத் தைத்தார். பின் வீட்டுக்காரரை அழைத்து எச்சரித்தார்: இந்த உலோகம் சுத்திகளின் கம்பளியை அரிக்கும்; எந்நேரமும் மிதித்தால் சில ஆண்டுகளில் பியானோவின் சொந்தக் குரலே கெட்டுவிடும். அந்தக் குடும்பத்தார் அதை மதித்தார்கள். கிறிஸ்துமஸ் இரவில் ஒன்றிரண்டு பாட்டுக்கு மட்டும் மாண்டலின் ஒலிக்கும். அதன்பின் மேல்மூடியைத் திறந்து சுத்திகளில் தடம் பதிந்திருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்ப்பார்கள்.