அறுபது ஆண்டு ஓடிய வண்டி

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள், வகுப்பு முடியும் வேளையில் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, உங்கள் ஊருக்கு நேரே ரயில் உண்டா?"

"மயிலாடுதுறை வரை ரயில். அதன் பிறகு பேருந்து" என்றேன்.

"உங்கள் ஊரில் ரயில் நிலையமே இல்லையா?"

"இருந்தது" என்றேன்.

என் ஊர் தரங்கம்பாடி. 1620ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டினர் கோட்டை கட்டிய கடற்கரை ஊர் அது. மயிலாடுதுறையிலிருந்து அவ்வூருக்கு 1926ஆம் ஆண்டில் ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என நின்று நின்று வரும் வண்டி, எங்கள் ஊரில் பயணத்தை முடித்துக்கொள்ளும். அதற்கப்பால் கடல்தான்.

வண்டி வரும் ஓசையைக் கேட்டுத்தான் பாட்டி உலை வைப்பாராம். எங்கள் வீட்டுக்கு அதுவே கடிகாரம்.

காலப்போக்கில் சாலைகள் சீராயின, பேருந்துகள் பெருகின. அவை அடிக்கடி வந்தன, தெருமுனையிலேயே நின்றன. வண்டியில் கூட்டம் குறைந்தது, வருவாயும் குறைந்தது. 1986ஆம் ஆண்டில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது.

அப்போது எனக்கு வயது ஆறு. வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் அப்பா என்னை அதில் அழைத்துச் சென்றார். சன்னலோரத்தில் அமர்ந்து வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பார்த்துக்கொண்டே சென்றேன். அப்பா மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். பல ஆண்டுகள் கழித்து, "ஏனப்பா அந்த வண்டியை நிறுத்தினார்கள்?" என்று கேட்டேன். "நானும்தான் தினமும் பேருந்தில் வேலைக்குப் போனேன்" என்றார். அவர் பிறர் எவரையும் குறை கூறவில்லை.

அறுபது வயது நிறைந்தவர்கள் திருக்கடையூர்க் கோயிலுக்கு வந்து மணிவிழாக் கொண்டாடுவது வழக்கம். அவ்வூர் வழியே ஓடிய எங்கள் வண்டியோ, அறுபது ஆண்டு நிறைந்தபோது விடைபெற்றது.

பின்னர்த் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பாதை கிடந்த இடத்தில் முட்செடிகள் வளர்ந்தன. மீண்டும் ரயில் வேண்டும் என்று எங்கள் பகுதி மக்கள் இன்றும் கேட்டு வருகின்றனர். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் நான் அந்தப் பழைய நிலையத்தின் பக்கம் நடந்துவிட்டு வருவேன். பயன்படுத்தாமல் விட்ட ஒன்றை மீண்டும் பெறுவது எத்துணை கடினம் என்பதை அவ்விடமே எனக்குக் கற்பித்தது.

மாணவர்களே, விடுமுறையில் நீங்களும் உங்கள் ஊருக்குச் செல்வீர்கள். அங்கே முன்பு ஓடிய வண்டி எது, யார் யார் அதில் சென்றார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழிலேயே எழுதி எடுத்து வாருங்கள்.