விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்ற வேண்டுமா?

இலை மஞ்சளானதும் யூரியா மூட்டையைத் தூக்கக் கூடாது. மண்ணையும் வேரையும் பார்க்க வேண்டும். வண்டிக்கும் அதே கதைதான்.

மல்லிகை பயிரிடும் விவசாயி ஒருவர், விடியலில் பறித்த பூவைப் பழைய பெட்ரோல் காரில் 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சந்தைக்குக் கொண்டுபோகிறார். திடீரென மைலேஜ் குறைந்தது. இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனர் போட்ட பட்டறையில், ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள். சொன்ன விலை, அவருக்கு ஒரு வாரத்துப் பறிப்புக் கூலி. மோட்டார் காயில் கட்டும் மருமகன்தான் தடுத்தார்: "மாமா, முதல்ல மீட்டர் வச்சுப் பாத்துடுவோம்."

இந்தச் சென்சார் புகைக்குழாயில் இருக்கும். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, இன்ஜின் கணினிக்குச் சொல்லும். அதை வைத்துத்தான் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் சென்சார் சரியாகப் பேசும். சீக்கிரம் சூடாக்கவே உள்ளே ஒரு ஹீட்டர். அது வேலை செய்யாவிட்டால், சூடேறும் வரை கணினி உத்தேசமாகப் பெட்ரோல் விடும். குட்டைப் பயணம் போகும் வண்டிக்கு நஷ்டம் அதிகம்.

அந்தக் காரின் சென்சாரில் நான்கு வயர்கள், இரண்டு ஹீட்டருக்கு. இன்ஜின் ஆறியபின் இணைப்பைக் கழற்றி, அந்த இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பார்த்தார் மருமகன். 6 ஓம் காட்டியது, ஹீட்டர் அறுந்துபோகவில்லை. அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, வண்டிப் பக்கத்து இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஹீட்டர் ஃபியூஸ் போயிருந்தது. சூடான குழாயில் வயர் பட்டு, உறை உருகியிருந்தது. வயரைச் சரிசெய்து தள்ளிக் கட்டி, அதே ஆம்பியர் ஃபியூஸைப் போட்டார்.

கடைசியாக இணைப்பை மாட்டி, சூடான இன்ஜினில் சிக்னல் வயரை டி.சி. வோல்ட்டில் பார்த்தார். 0.1க்கும் 0.9க்கும் இடையே விடாமல் ஏறி இறங்கியது. சென்சார் நலம். சாதாரண ஜிர்கோனியா வகைக்கு இதுதான் அடையாளம். சிக்னல் வயரில் மட்டும் ஓம் பார்க்கக் கூடாது, சென்சார் கெடலாம்.

ஹீட்டர் அறுந்திருந்தாலோ, நன்கு சூடான பிறகும் வோல்ட் ஒரே இடத்தில் நின்றாலோ, அப்போது சென்சார் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிக்காற்று புகுந்தால் நல்ல சென்சாரும் தப்பாகச் சொல்லும். சோதனையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் ஓடும் இன்ஜினின் புகை உயிரைப் பறிக்கும்.