பொருட்காட்சிக்கு வெளியே

பொருட்காட்சிக்குப் போகிறவர்களுக்கு யோசனை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வாங்குவதற்கு அதிகப் பணம் இல்லாமல், பார்ப்பதற்கு மட்டும் நிறையப் பொழுது வைத்துக்கொண்டு, பல ஊர்ப் பொருட்காட்சிகளில் சுற்றியவன் நான். என் யோசனை இதுதான்: பொருட்காட்சியை நன்றாகப் பார்க்க வேண்டுமானால், பாதி நேரமாவது அதற்கு வெளியே இருக்க வேண்டும். கொட்டகைக்குள்ளேயே சுற்றினால் மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் கண் நிறைந்துவிடுகிறது. பித்தளை விளக்குக்குப் பக்கத்தில் மரப்பாச்சி. மரப்பாச்சிக்குப் பக்கத்தில் கோரைப்பாய். பாய்க்குப் பக்கத்தில் பட்டு. எல்லாவற்றின் மேலும் ஒரே விளக்கு வெளிச்சம், எல்லாவற்றின் கழுத்திலும் ஒரு விலைச்சீட்டு. யார் செய்தது, எப்படிச் செய்தது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. எவ்வளவு என்ற கேள்விதான் எழுகிறது. இந்த நோய்க்கு மருந்து ஊர் சுற்றுவது. சேலம் மாதிரி ஊராக அமைந்துவிட்டால் மருந்து நாலு பஸ் டிக்கெட் செலவில் கிடைத்துவிடும்.

சேலத்தில் நடந்த ஒரு கைவினைப் பொருட்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவர் கும்பகோணத்து நண்பர் ஒருவர். பாத்திர வியாபாரி. வேடிக்கை பார்ப்பது அவர் தொழில் அல்ல. கல்சட்டிக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்க வந்தவர். வழித்துணைக்கு நான். உலகத்தில் உள்ள பொருள்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு விலை உண்டு, சொல்லும் விலை ஒன்று, கொடுக்கும் விலை ஒன்று என்பது அவருடைய வேதாந்தம். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் வியாபாரம் என்பார்.

கல்சட்டிக் கடையில் இருந்த அம்மாள் நண்பரை விடக் கெட்டிக்காரி. சேலம் பக்கத்து மாக்கல்லைக் கடைந்து செய்த சட்டிகள், கரும்பச்சையும் சாம்பலுமாக அடுக்கியிருந்தன. விலையைக் கேட்டவரிடம் அவள் பக்குவத்தைச் சொன்னாள். வாங்கிப் போனவுடன் அடுப்பில் வைத்தால் விரிந்துவிடும். எண்ணெயும் மஞ்சளும் பூசி ஊறவைக்க வேண்டும். நாள்தோறும் சூடான வடிகஞ்சி ஊற்றி வைக்க வேண்டும். அப்புறம் சிறு தீயில் மெள்ளப் பழக்க வேண்டும். பழகிவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வற்றல் குழம்பு நெடுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும். "அவசரக்காரங்களுக்கு இது ஆகாதுங்க" என்றாள். நண்பர் பேரத்தை மறுநாளைக்கு ஒத்திப் போட்டார். எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். பொருட்காட்சியில் இடித்துக்கொண்டு நடந்த கால்களுக்கு அங்கே நல்ல ஓய்வு. நடுகல் ஒன்றின் முன் நண்பர் நின்றார். சேலம், தருமபுரிச் சீமை நடுகற்களுக்குப் பேர் போனது. மாடு பிடிக்கும் சண்டையிலோ ஊரைக் காக்கும் சண்டையிலோ விழுந்த வீரனுக்கு ஊரார் எடுத்த கல். கையில் ஆயுதமும் ஓங்கிய தோளுமாக அவன் நிற்பான். பல கற்களில் அவன் பெயரும், அவன் காலத்து அரசனின் பெயரும், எந்தச் சண்டையில் செத்தான் என்பதும் எழுதியிருக்கும்.

"செதுக்கினவன் பேர் எங்கே ஓய்?" என்றார் நண்பர்.

"போடும் வழக்கம் அநேகமாக இல்லை."

"நம்ம கொட்டகையிலேயும் இதே கதைதானே!" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பொருட்காட்சியையும் அருங்காட்சியகத்தையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போட்டுவிட்டார். ஒன்றில் விலைச்சீட்டு, மற்றொன்றில் விவரச்சீட்டு. செய்த கை இரண்டிலும் இல்லை.

அந்தக் கையைத் தேடுவதென்று வைத்துக்கொண்டால் சேலத்தில் அதிகம் அலைய வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துச் சந்துகளில் நுழைந்தால் வெள்ளிக் கொலுசு பிறக்கும் வழியை வீடு வீடாகப் பார்க்கலாம். ஒரு வீட்டில் கம்பி இழுக்கிறார்கள்; அடுத்த வீட்டில் கண்ணி கோக்கிறார்கள்; வேறொரு வீட்டில் பற்றவைக்கிறார்கள்; இன்னொரு வீட்டில் மெருகு ஏறுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜோடியாகப் பார்த்த கொலுசு, ஒரு தெருவே சேர்ந்து செய்த காரியம் என்பது அங்கேதான் தெரிகிறது.

ஏற்காடு போகும் சாலையில் இன்னொரு காட்சி உண்டு. மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படக் கம்பெனியின் முகப்பு வளைவு. டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-லும், தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-லும் அந்தக் கம்பெனியிலிருந்து வந்தவை. நடிகர்களின் பெயர் நமக்கு மனப்பாடம். அந்த அரண்மனைகளை மரத்தாலும் துணியாலும் கட்டிய தச்சர்களும் தையற்காரர்களும் வர்ணம் தீட்டியவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்களாகத்தான் பெரும்பாலும் இருந்திருப்பார்கள். இன்று ஸ்டூடியோ இல்லை. வாசல் மட்டும் நிற்கிறது.

மறுநாள் காலை தாரமங்கலம். சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கெட்டி முதலிகள் என்ற குறுநில மன்னர்களின் திருப்பணி பெற்ற கைலாசநாதர் கோயில். மேற்கே பார்த்த சந்நிதி. இராமனும் வாலியும் ஆளுக்கொரு தூணில் இருக்கிறார்கள். வாலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான். இராமாயணத்தில் இன்றுவரை தீராத ஒரு வழக்கைச் சிற்பி வாய் திறக்காமல் இரண்டு தூண்களின் நடுவே வைத்துவிட்டான். அப்புறம் அந்தச் சிங்கம். அதன் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று. விரலை விட்டுச் சுழற்றலாம். வெளியே எடுக்க முடியாது. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்ததும் அல்ல. வாயையும் பல்லையும் உருண்டையையும் அந்த ஒரே கல்லிலிருந்து, பல்லிடுக்கு வழியாக உளியை விட்டுப் பிரித்தெடுத்திருக்கிறான்.

நண்பர் அந்த உருண்டையை மூன்று தடவை சுழற்றினார். இப்போது விலை கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"இதை எத்தனை நாளில் பண்ணியிருப்பான்?" என்றார்.

"நாளா, மாசமா, யார் கண்டது?"

"அத்தனை நாளும் அவன் வீட்டு அடுப்பு எரிஞ்சிருக்கு, பாரும். யாரோ எரியவிட்டிருக்கான். இல்லாட்டா கை ஓடுமா?"

கலை விமரிசகர்கள் பலர் எழுதியதைப் படித்திருக்கிறேன். ஒரு பாத்திர வியாபாரி சொன்ன இந்த விமரிசனம்தான் மனத்தில் தங்கியது.

அன்று பிற்பகல், பொருட்காட்சியில் அறிமுகமான ஒரு நெசவாளியின் வீட்டுக்குப் போனோம். சேலத்து வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு வாங்கிய பெருமை உண்டு. அந்தப் பெருமை உட்காரும் இடத்தை அங்கே பார்த்தேன். தரையில் ஒரு குழி, குழிக்குள் கால், கால் கட்டைவிரலுக்கு மிதி. மேலே பாவு வெள்ளைத் தண்ணீர் மாதிரி இழுத்துக்கட்டிக் கிடந்தது. நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடியது. மூலையில் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறானாம்.

"பையன் தறியிலே உட்காருவானா?" என்று கேட்டேன்.

"தெரியும்ங்க. பத்து வயசிலேயே நாடா தள்ளினான். நான்தான் போகச் சொன்னேன்."

"கூலி கட்டுபடியாகவில்லையா?" என்றார் நண்பர்.

"கூலி கம்மிதானுங்க. அதைக்கூடச் சமாளிச்சுக்கலாம். பணம் என்னிக்கு வரும்னு தெரியாததுதானுங்க கஷ்டம். சரக்கு போயிடும். வித்தப்புறம் தர்றேம்பாங்க. தறி காத்திருக்கும், அரிசிக் கடை காத்திருக்குமா?"

நண்பர் அதன்பின் அந்த வீட்டில் பேசவில்லை. விற்ற பிறகு தருகிறேன் என்பது அவருடைய கடையிலும் நடைமுறைதான்.

கணக்குகளும் அந்த நெசவாளி சொன்னதைத்தான் பெரிய எழுத்தில் சொல்கின்றன. 1995-96-ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் இந்தத் தொழிலில் 65 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். கைத்தறிக்கென்று சில துணி ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் வந்தது. சேலத்திலேயே 1960-ல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. சட்டமும் படிப்பும் வேண்டியவைதான். ஆனாலும் அப்பன் தானே பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பி அனுப்புகிறான் என்றால், அவன் வைத்த கணக்கு நம் கணக்கைவிடத் துல்லியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்துக்குப் போனோம். ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கிய இடம். சேலத்தில் வக்கீலாக நன்றாகச் சம்பாதித்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், மழை பொய்க்கும் ஒரு கிராமத்துக்கு வந்து குடியேறினார். கல்கி 'விமோசன'த்துக்காக எழுதியதும் இங்கேதான். மதுவிலக்குப் பிரசாரத்தைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். என் மனம் கதரில்தான் நின்றது. ஆசிரமம் பஞ்சு கொடுத்தது. சுற்றுக் கிராமத்துப் பெண்கள் நூற்றுக் கொண்டுவந்தார்கள். நூலுக்குக் கூலி கிடைத்தது. வயலில் வேலை இல்லாத மாதத்திலும் ஒரு வீட்டு அடுப்புக்கு வழி. தாரமங்கலத்தில் என் நண்பர் கேட்ட கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் சொல்லிப் பார்த்த பதில் அது.

அங்கிருந்து நாமக்கல். ஒரே பாறையான மலை. அதைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அதியர் எடுத்த நரசிம்மர் குகைக் கோயில். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரையும் உலகளக்கும் திரிவிக்கிரமனையும் பார்த்துவிட்டு, கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் தரிசித்தோம். பாட்டெழுதிப் பேர் வாங்குவதற்கு முன் படம் எழுதிப் பிழைத்த நாமக்கல் கவிஞரின் வீடும் நினைவில்லமாக இங்கே இருக்கிறது. ஆனால் நாமக்கல்லில் அவசியம் பார்க்க வேண்டியதென்று எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாத ஒன்று உண்டு: லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள். தொழிற்சாலையிலிருந்து வெறும் சேஸிஸாக வரும் வண்டிக்கு இங்கேதான் உடம்பு உண்டாகிறது. தச்சர், கொல்லர், பற்றவைப்பவர், கடைசியில் வர்ணக்காரர். பின்புறப் பலகையில் பூவும் மயிலும் தீட்டிக்கொண்டிருந்த ஒருவரை நண்பர் கேட்டார்:

"வேலை இருக்கா?"

"மூச்சு விட நேரமில்லைங்க."

இவருடைய கைவேலையை எந்தப் பொருட்காட்சியும் அழைப்பதில்லை; எந்த அருங்காட்சியகமும் சேர்த்து வைக்கவில்லை. வண்டிக்காரன் முன்பணம் கொடுத்து வாசலில் காத்திருக்கிறான். அதனால் கை ஓடுகிறது.

அன்று சாயங்காலம் பொருட்காட்சிக்குத் திரும்பினோம். கல்சட்டி அம்மாளிடம் நண்பர் பழைய வழக்கப்படி அரை மணி நேரம் பேரம் பேசினார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு பையை அவிழ்த்து, மொத்தத்தில் பாதியை முன்பணமாக எண்ணி வைத்தார். மீதிக்குத் தேதி குறித்துத் துண்டுச்சீட்டில் கையெழுத்தும் போட்டார். அம்மாள் சீட்டை இரண்டு தரம் படித்தாள். ரயிலில் திருச்சி வரும் வரை, "முட்டாள்தனமான வியாபாரம் ஓய் இது" என்று என்னிடம் முறையிட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் நான் ஊர் சுற்றக் கூட்டிப் போனதால் வந்த வினையாம்.

வாசகர்களுக்கு மொத்தக் கொள்முதல் இருக்காது. ஒரு வேட்டியோ ஒரு சட்டியோதான் வாங்குவோம். வாங்குமுன் ஒரு நாளை ஊருக்கு ஒதுக்கிவையுங்கள். நடுகல்லையும் சிங்கத்தின் வாயையும் தறிக்குழியையும் பார்த்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்புங்கள். விலையைக் கேட்பதற்கு முன்னால், "செய்தவர் யார்? எந்த ஊர்?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு நிமிஷம் விழிப்பார். சில கடைகளில், "நான்தானுங்க" என்று பதில் வரும். அந்தக் கடையில் வாங்குங்கள், ரொக்கமாகக் கொடுங்கள்.