நாற்பதில் ஓர் எழுத்துப் பிழை

நண்பர் ஒருவரின் மகன் தான் உருவாக்கிய சிறிய மென்பொருளைக் கடந்த வாரம் எனக்கு அனுப்பியிருந்தான். இலக்கத்தில் ஒரு தொகையைக் கொடுத்தால் அதனை ஆங்கிலச் சொற்களில் எழுதித் தரும். காசோலை எழுதுவோருக்கு உதவுமாம். "அங்கிள், ஒருக்கால் சோதிச்சுப் பாருங்கோ" என்றான்.

நிரல் எழுதுவது பற்றி நான் ஏதும் அறியேன். ஆனால் பிழை பிடிப்பது என் தொழில்.

4 சரி. 14 சரி. 40 இல் அகப்பட்டது. 'ஃபோர்', 'ஃபோர்ட்டீன்' இரண்டிலும் உள்ள 'யு' எழுத்து 'ஃபோர்ட்டி'யில் வராது. மென்பொருளோ அதனை விடாப்பிடியாகப் போட்டிருந்தது. ஓரிடத்துப் பிழைதான், ஆனால் 40 முதல் 49 வரையும், 140 இலும், 40,000 இலும் அதுவே தொடர்ந்து வந்தது.

1001 ஐக் கொடுத்தேன். 'வன் தௌசண்ட் வன்' என்றது. அமெரிக்கர் அவ்வாறு எழுதுவர். நாம் படித்த பிரித்தானிய வழக்கில் இடையே 'அண்ட்' வரவேண்டும். இந்திய முறையில் காற்புள்ளியிட்டு 12,50,000 என்றேன். தவறான எண் என மறுத்துவிட்டது.

பில்லியனுக்கு வந்தபோது கை சற்றுத் தயங்கியது. முன்னர் பிரித்தானியாவில் அச்சொல் மில்லியன் மில்லியனைக் குறித்தது. ஆயிரம் மில்லியன் என்ற பொருளிலேயே தமது அரசு அதனைப் பயன்படுத்தும் எனப் பிரதமர் ஹரோல்ட் வில்சன் 1974 இல் அறிவித்தார். அதன்படி ஒரு பில்லியன் நூறு கோடி. செய்தி மேசையில் நான் புதியவனாக இருந்த காலத்தில், ஓர் இரவு அவசரத்தில் அதனைப் பத்துக் கோடி என மொழிபெயர்த்துவிட்டேன். மறுநாள் வாசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, மிகுந்த மரியாதையுடன், "மிச்சத் தொண்ணூறு கோடி எங்கே?" என்று கேட்டார். திருத்தம் வெளியிட்டோம். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பத்திரிகைக்காவது மறுநாள் திருத்தம் உண்டு. காசோலையில் இலக்கமும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்பது 1882 ஆம் ஆண்டின் பிரித்தானிய உண்டியல் சட்டம் முதல் வந்த விதி. ஆகவே இந்த மென்பொருள் எழுதும் சொல்லே பணம்.

இவற்றையெல்லாம் அவனுக்கு எழுதினேன். நாற்பதை அன்று மாலையே திருத்திவிட்டான். 'அண்ட்' வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பாவிப்பவரே தெரிவுசெய்ய வழி வைத்திருக்கிறானாம்.

நானோ இன்றும் பூச்சியங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்த பின்னரே பில்லியனைத் தமிழாக்குகிறேன்.