ஊக்கின் விதியும் ஒரு மினி வண்டியும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, கல்லூரி நாட்களின் குறும்புகளை எழுதுவோமென்றே முதலில் எண்ணினோம். அவற்றை எம்மினும் நயம்பட எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், பௌதிக ஆய்வுகூடத்தில் நாம் அரைகுறையாகக் கற்ற பாடமொன்று நாற்பது ஆண்டுகளின் பின் எம்மைத் தேடிவந்த கதையை ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

எம் வகுப்புத் தோழர் ஒருவர் வங்கிச் சேவையினின்று இளைப்பாறியவர். 2013 இல் கையிற் கிடைத்த பணத்திற் பெரும்பகுதியைக் கொடுத்துப் பழைய மினிக் காரொன்றை வாங்கினார். அதனைப் பந்தயத் தடத்தில் ஓடத்தக்கதாக்க வேண்டுமென்பது அவரது இளமைக் கனவு. "மச்சான், நீ எஞ்சினியர். கீழ்ப்பாகம் முழுக்க உன்ர பொறுப்பு" என்றார். நாம் மறுத்திலோம்.

மினியை ஆக்கியவர் அலெக் இசிகோனிஸ். 1959 இல் வெளிவந்த அவ்வண்டியின் சில்லுகளைத் தாங்குவது உருக்கு வில்லன்று; அலெக்ஸ் மோல்ற்றன் வகுத்த இறப்பர்க் கூம்பு. உருக்கு விற்சுருள் ஊக்கின் விதிக்கு அடங்கி நடப்பது: நூறு இறாத்தற் பாரத்துக்கு ஓர் அங்குலம் குறுகினால் இருநூறுக்கு இரண்டங்குலம். இறப்பரோ நசுங்க நசுங்க வன்மை கொள்ளும். 1964 முதல் சில ஆண்டுகள் மினியில் நீர்மம் நிரம்பிய அமைப்பொன்றும் வந்தது. அதில் ஒரு பக்கத்து முன்சில்லும் பின்சில்லும் குழாயால் இணைந்திருக்கும். வீதிக்கு இதமானது, ஆயின் வேகங் கூட்டுங்கால் மூக்கு உயர்ந்து வால் தாழும். அதனைத் தள்ளினோம். கூம்பை அகற்றி விற்சுருள் பூட்டும் வழியுமுண்டு. அது முதுகுக்குச் சுகமென்று கேள்வியுற்றதுமே அதனையும் தள்ளினோம்.

எஞ்சியது கூம்பு. அதிலும் மிகக் கடினமானதை வருவித்தோம். வண்டியை இயன்றமட்டும் நிலத்தோடு தாழ்த்தினோம். 'சொக் அப்சோபர்' நான்கையும் திருகு திரும்புமட்டும் இறுக்கினோம். கல்லைப்போல் இறுகியதே பந்தய வண்டி என்பது எம் எண்ணம். எண்ணமென்பதிலும் செருக்கு என்பதே பொருந்தும். படங்களிற் கண்ட பந்தய வண்டிகள் தரையோடு ஒட்டிக்கிடந்தன. அவை ஓடிய தரை எத்தகையதென்று நாம் சிந்தித்திலோம்.

பயிற்சி ஓட்டத்துக்கு, களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தைக்குச் சென்றோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் பிரித்தானியக் கடற்படை விமானங்கள் இறங்கிய ஓடுதளம் அது. நண்பரின் மனைவியாரும் உடன் வந்திருந்தார். இரண்டாஞ் சுற்றில், வளைவின் நடுவே சிறு மேடொன்றில் வண்டி துள்ளியது. நண்பர் அஞ்சி வேகமிதியினின்று காலை எடுத்தார். பாரம் முன்னே சாய, பின்பாகம் பிடியிழந்து, வண்டி இருமுறை சுழன்று புல்லில் நின்றது. ஆளுக்கும் வண்டிக்கும் ஊறில்லை. ஆயினும் தேநீர்க் கோப்பையைப் பிடித்த நண்பரின் கை நெடுநேரம் நடுங்கிற்று. அவர் மனைவியார் எம்மை ஒருமுறை நோக்கினார். ஒரு சொல்லுஞ் சொன்னாரல்லர்.

அன்றிரவு கராஜில் சில்லுகளைக் கழற்றினோம். சில்லு எல்லைமீறி மேலெழாது தடுக்கும் இறப்பர்க் கட்டைகள், ஓயாது முட்டியமையால் பளபளவெனத் தேய்ந்திருந்தன. தாழ்த்திய வண்டிக்கு அசைய இடமே இருக்கவில்லை. அவ்வேளை எம் பௌதிக ஆசிரியரின் குரல் காதில் ஒலித்தது. வில்லில் படிகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நீட்சியை அளந்துகொண்டிருந்தோம். தட்டு மேசையில் முட்டிய பின்னும் விடாது வாசிப்பெடுத்து எழுதினோம். அவர் செம்மையாற் கோடிட்டு, "தட்டு மேசையைத் தொட்ட பிறகு நீர் அளந்தது வில்லையோ, மேசையையோ?" என்று வினவினார். வகுப்பு நகைத்தது. நாமும் நகைத்தோம், விளங்கிக்கொண்டோமல்லோம்.

கடினக் கூம்புகளைக் களைந்து, வழமையான கூம்புகளையே புதியனவாகப் பூட்டினோம். பழையன ஆண்டுகள் செல்லத் தளர்ந்துவிடும். வண்டியை ஓரங்குலம் உயர்த்தினோம். சொக் அப்சோபர்களை நடுநிலைக்குத் தளர்த்தினோம். அவை அளவுமீறி இறுகினால், பள்ளத்தில் இறங்கவேண்டிய சில்லு உரிய வேளையில் இறங்காது அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் ரயருக்குப் பிடியேது? முன்சில்லுகளின் மேல்விளிம்பு ஒன்றரைப் பாகை உட்சாயுமாறு கீழ்க்கைகளை மாற்றினோம். வளைவில் உடல் வெளிப்புறஞ் சரியும்போது, பாரந்தாங்கும் ரயர் முழு முகத்தோடு தரையிற் படிவதற்கு இது வழி.

மறுமுறை கட்டுக்குருந்தை சென்றபோது முதற் சுற்றில் நாமே ஓட்டினோம். நண்பரை ஏற்றுமுன் அது எம் கடமையெனத் தோன்றியது. அதே மேட்டில் வண்டி ஒருமுறை அமிழ்ந்தெழுந்து தன்வழியே சென்றது. பின்னர் நண்பர் ஏறினார். அவர் மனைவியார் அன்றும் வந்திருந்தார். மூன்றாஞ் சுற்று முடிந்ததும், போத்தலைத் திறந்து எமக்கும் ஒரு கோப்பைத் தேநீர் வார்த்துத் தந்தார்.