வேனே வீடாக… தனுஷ்கோடி வரை!

மேல்நாட்டில் 'மோட்டார் வீடு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல்! கேரள அரசுகூட 2021-ல் 'கேரவன்' சுற்றுலா என்று ஒரு திட்டம் அறிவித்தது. படத்தில் பார்த்துவிட்டு என் நாத்தனார், "நமக்கெல்லாம் இது எங்கே!" என்று பெருமூச்சு விட்டாள். ஏன், நம் பக்கத்தில் யாத்திரை வேன் இல்லையா? அரிசி மூட்டை, ஸ்டவ், அண்டா, பாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு, கண்ட மரத்தடியில் இறங்கிச் சாம்பார் வைத்துச் சாப்பிட்டுப் போகிறவர்கள்தானே நாம்!

அப்படித்தான் போன மாசி மாதம் நெய்வேலியிலிருந்து ராமேசுவரம் தீவுக்கு நாலு நாள் போய் வந்தோம். நானும் இவரும், முட்டிவலிக்கார மாமியார், நாத்தனார், இரண்டு வயது மகள். வாடகை வேனில் பின் இருக்கைகளைக் கழற்றச் சொல்லி, பலகை போட்டு, இலவம்பஞ்சு மெத்தை விரித்தோம். அத்தை காலை நீட்டிப் படுத்தே வந்தார். பஸ்ஸில் இது நடக்குமா?

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, குழந்தைக்கு வறுத்து அரைத்த சத்துமாவு, பண்ருட்டியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிப் பருப்பு இரண்டு கிலோ. இவை போதும். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஓடுகிற வண்டிக்குள் அடுப்பு பற்றவைக்கவே கூடாது. நிறுத்தி, இறக்கி, காற்றுக்கு மறைவாகத் தகரத் தட்டி வைத்த பிறகுதான் சமையல். ராத்திரிக்கு ராமேசுவரத்தில் ஒரு விடுதியில் ஒரே ஒரு அறை எடுத்துக்கொண்டோம். குளிக்கவும், மற்றதற்கும். படுக்கை வேனில்தான். பெண்கள் போகும்போது இந்த ஏற்பாடு அவசியம் என்பது என் கட்சி.

சிதம்பரம், நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி என்று கடலோரமாகவே போய் மண்டபத்தைத் தாண்டினால் பாம்பன் பாலம். ரயில் பாலம் 1914-லேயே வந்துவிட்டது. ஆனால் சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தார்கள். அதுவரை நம்மைப் போல வண்டியிலேயே குடித்தனம் கட்டிக்கொண்டு யாரும் அந்தத் தீவுக்குள் நுழைந்திருக்க முடியாது! பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில், கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. இருபுறமும் பச்சையும் நீலமுமாகக் கடல். மகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "தண்ணி, தண்ணி!" என்று ஒரே கூச்சல்.

கோயிலைப் பற்றியும் இருபத்திரண்டு தீர்த்தங்களைப் பற்றியும் எழுதாதவர்கள் இல்லை. நான் எழுதப் போவதில்லை. குழந்தைக்கு வாளி வாளியாகத் தலையில் ஊற்ற விடாதீர்கள், தெளித்தால் போதும். அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு வந்த புயலில் ஊரே போய்விட்டது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு கடலில் போனது. மாதா கோயில் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் மணலில் நிற்கின்றன. அத்தை இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டார். அங்கிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் நல்ல சாலை போட்டார்கள். ஒரு பக்கம் சாதுவான பாக் நீரிணை, அதைப் 'பெண் கடல்' என்கிறார்கள்; மறுபக்கம் சீறுகிற மன்னார் வளைகுடா, 'ஆண் கடல்'. (பேர் வைத்தது யாரோ!) முனையில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். காலை நனைக்கக்கூட குழந்தையை விடக் கூடாது.

வாழத் தகுதியில்லாத இடம் என்று புயலுக்குப் பிறகு அரசாங்கம் சொல்லிவிட்டாலும், மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கத்தான் இருக்கின்றன. ஒரு குடிசைக்குப் பின்னால் ஒரு பெண் மணலில் இடுப்பளவு பள்ளத்தில் இறங்கி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஐம்பதடியில் கடல்! நான் வாயில் விட்டுப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது.

"எப்படிம்மா?" என்றேன்.

"மழைத் தண்ணிக்கா. மேலாக்க நிக்கும். மெதுவா மொண்டா நல்ல தண்ணி, அவசரப்பட்டா உப்புத் தண்ணி."

நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் மழை நீர் மணலுக்குள் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஒரு குடம் நிரம்ப எத்தனை நேரம் என்று நின்று பார்த்தேன். முக்கால் மணி!

நான் எங்கிருந்து வந்திருக்கிறேன்? எங்கள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். வாய்க்காலாக ஓடும் அந்தத் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அவளிடம் சொன்னேன். "தண்ணிய வெளியே கொட்டுறாகளா?" என்று சிரட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நம்பினாளோ என்னவோ.

அதன் பிறகு எங்கள் வேன் குடித்தனமே மாறிப்போனது. இருபது லிட்டர் கேன் இரண்டுதான் இருந்தது. ஒன்று குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். குழந்தைக்கு அதிலிருந்தே காய்ச்சி ஆறவைத்து பிளாஸ்க்கில். சாப்பாடு இலையில். பாத்திரத்தை முதலில் மணல் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீரில் அலசல். அரிசி களைந்த நீரில் கை கழுவல். ஐந்து பேருக்கு ஒரு பகல் பொழுது அந்த நாற்பது லிட்டரில் ஓடி, மிச்சமும் இருந்தது. சாயங்காலம் ஆனதும் அங்கே யாரையும் தங்க விடுவதில்லை. காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

போவதானால் தை, மாசி நல்லது. நாரைகள்கூட வந்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம். ஆடி, தை அமாவாசைகளில் தீவு முழுக்கக் கூட்டம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கிளம்பும்போது அந்தப் பெண்ணுக்கு அரைக் கிலோ முந்திரி கொடுத்தேன். அவள் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். பண்ருட்டி என்றதும், "பலாப்பழம் ஊராச்சே! அடுத்த தடவை அதைக் கொண்டாங்கக்கா" என்றாள். பலா பழுக்கிற ஆனியில் அங்கே காற்று மணலை வாரி அடிக்குமாம். அடித்தால் அடிக்கட்டும், வேனில் ஒரு பழத்துக்கு இடம் இருக்கிறது என்கிறார் அத்தை.